டச்சம்மா ஏன் போகவில்லை

நம்ம அஞ்சாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு போட்டோ போட்டீர்கள். அம்பத்தூர் ஏரிக்குப் போகிற வழியில் புதிதாக எழும்பியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடம். கீழே, 'இந்த இடத்தில் யார் வீடு இருந்தது, ஞாபகம் இருக்கா?' என்று ஒரு கேள்வி. பத்துப் பதினைந்து பேர் பதில் போட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரி வீடு. தையக்காரம்மா வீடு. பெத்த பிள்ளையைக் கட்டிப்போட்ட பொம்பளை வீடு. ஒருத்தர், 'சாராயம் காய்ச்சுமே அந்தக் கிழவி' என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் சேர்த்திருந்தார்.

நானும் கட்டைவிரலால் ஒரு பதில் அடிக்க ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

முதலில் அந்தச் சாராயம். அது முட்டைக்கோஸ். பொடிப்பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, பீங்கான் ஜாடியில் அமுக்கி, மேலே ஒரு கருங்கல்லை வைத்து மூன்று வாரம் புளிக்க விடுவார். ஜாடியைத் திறந்தால் தெருமுனை வரை புளிப்பு வாடை அடிக்கும். அதை வேகவைத்த உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்துச் சாப்பிடுவார்கள். நான் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. ஆனால் அந்த வாடையை வைத்து நம் தெரு ஒரு முழுக் கதையே கட்டிவிட்டது. என் அம்மாவும் அதில் இரண்டு வரி சேர்த்தவள்தான்.

அவரைத் தெருவே டச்சம்மா என்றுதான் கூப்பிட்டது. அவருடைய அப்பா ஹாலந்திலிருந்து ஒரு மில்லுக்கு மெஷின் பூட்ட வந்தவர். கப்பலில் வந்து இறங்கியபோது டச்சம்மாவுக்கு நாலு வயசு, தங்கைக்கு ஒன்றரை. பெரம்பூர் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்திருக்கிறார்கள். இரண்டு பெண்களும் தெருப் பிள்ளைகளோடு கில்லி விளையாடி, கொய்யா திருடி, அங்கே பேசுகிற தமிழையே பேசி வளர்ந்தார்கள். அப்பா காய்ச்சலில் போனார். டச்சம்மா ரயில்வேயில் கார்டாக இருந்த ஒரு தமிழரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின் ஹாலந்துச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவருடைய அம்மா அப்போது படுத்த படுக்கை. கப்பலில் ஏற்ற முடியாது என்றார் டாக்டர். தங்கையை மட்டும் துறைமுகத்தில் ஏற்றிவிட்டு, டச்சம்மா அம்மாவோடு தங்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்தபோது அம்மாவும் இல்லை, கணவரும் இல்லை. டச்சம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பூப்போட்ட கவுன், அதில் இரண்டு பெரிய பைகள், காலில் மாமியார் போட்டுவிட்ட மெட்டி. சிவந்த முகம், மணல் நிறத்தில் முடி. வாயைத் திறந்தால், "இன்னாடி, துன்னியா?" அந்த முகத்திலிருந்து அந்தப் பேச்சு வருவதைக் கேட்கவே நான் அவர் வீட்டுக்குப் போவேன். வேறு ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் முதல்முறை கேட்கும்போது திகைத்துப்போய் நிற்பதைப் பார்ப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரிய மாமாவும் என் நைனாவும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. பெரிய மாமாவின் பெண்தான் என் தோழி. நம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, பழுப்புக் கண்ணோடு, அவள்தான். சின்ன மாமாவுக்கு அப்போது முப்பது வயசு. பிறக்கும்போது மூச்சுத் திணறிவிட்டதாம். பேச்சு வரவில்லை. குழந்தை மாதிரி. ஊட்டிவிட்டால் சாப்பிடுவார், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். தண்ணீர் என்றால் உயிர். கூரையிலிருந்து சொட்டுகிற மழைத் தண்ணீருக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார்.

கட்டிப்போட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மை. நானே பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் மட்டும், ஏரி நிரம்பியபிறகு. பழைய புடவைக் கிழிசலை அவர் இடுப்பில் சுற்றி, மறு முனையைத் தையல் மெஷின் காலில் கட்டியிருப்பார். மெஷினில் டச்சம்மா உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்து ஏரி இரண்டே தெரு. ஏற்கெனவே இரண்டு முறை சின்ன மாமா தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும். "மாட்ட கட்ற மாரி கட்டி வெச்சிகீறா, பாவி," என்று அம்மா சொன்னதைக் கேட்டு, நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததே என் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

நான் பெரும்பாலும் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். எண்ணெயும் புதுத்துணியும் கலந்த மணம் அடிக்கும். துணியில் மடிப்பு வைக்கும்போது டச்சம்மா அவர் ஊர் பாஷையில் எண்ணுவார். "ஏன், த்வே, த்ரீ, ஃபீர்..." ஒன்று என்பதற்கு அவர்கள் சொல் 'ஏன்'. எண்ணுவதற்கு முன்னால் ஏன் என்று கேட்கிற பாஷை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேறு என்ன தெரியும் என்று கேட்டேன். "எண்ணத் தெரியும், ஜபம் பண்ணத் தெரியும், திட்டத் தெரியும். அத்தோட செரி," என்றார். திட்டுவதை மட்டும் கற்றுத்தர மறுத்துவிட்டார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். பொம்மைக்குப் பாவாடை வெட்டக் காகிதம் வேண்டும் என்று மெஷினின் கீழ் டிராயரை இழுத்தேன். அளவுக் காகிதங்கள் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தன. கைக்குழந்தைச் சட்டைக்கான பழுப்புக் காகிதத்தைப் பிரித்தால் அதற்குள்ளே இன்னொரு காகிதம். தடிமனாக, மஞ்சள் ஏறி, ஓரத்தில் சிங்க முத்திரையோடு.

"இது இன்னா டச்சம்மா?"

மெஷினை நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது நான் பொறந்த சீட்டுடி."

"அந்த ஊரு ஞாபகம் கீதா?"

"ஒண்ணியும் இல்ல. ஒரு கதவு மட்டும் ஞாபகம் கீது. பச்ச கலரு. மேல் பாதி தொறந்துகினு இருக்கும், கீழ் பாதி மூடிகினு இருக்கும். நான் கீழ நின்னுகினு, அந்தாண்ட இன்னா கீதுன்னு தெரியாம அழுதேன்."

பாதி திறக்கும் கதவை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அன்று முழுக்க அதைப் பற்றியே யோசித்தேன். அவர் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, அதே பழுப்புக் காகிதத்தில் சுற்றி, அதே இடத்தில் வைத்தார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. என் தோழி இடைவேளையில் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். ஹாலந்திலிருக்கும் சின்னப் பாட்டி கடிதம் போட்டிருக்கிறார். அவர் கணவரின் பட்டறையில் பெரிய மாமாவுக்கு வேலை தயார். டச்சம்மா அங்கே பிறந்தவர் என்று காட்டிவிட்டால் குடும்பமே போகலாம். வீட்டை விற்றுவிட்டுப் போகிறார்கள். சின்ன மாமாவை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், டாக்டர் பரிசோதனை இருக்கிறது. அதனால் அவரை ஒரு ஹோமில் சேர்க்கிறார்கள்.

"ஆனா ஆயா, சீட்டு தொலைஞ்சி போச்சின்றாங்க," என்று சொல்லி அழுதாள். "அப்பா ரெண்டு நாளா சாப்பிடல. எனக்கு பனி பாக்கணும்டி."

அப்போதே சொல்லியிருப்பேன். மணி அடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவர்கள் வீட்டில் தேட ஆரம்பித்தார்கள். டிரங்குப் பெட்டிகள், ஜாடிகள், தலையணை உறை எல்லாம் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டன. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனாவோடு ஏதோ பேசிவிட்டு, என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் வீங்கியிருந்தது.

"பாப்பா, நீ எப்பவும் ஆயாகூடத்தானே கீற. சிங்கம் போட்ட ஒரு காயிதம்... எங்கியாவது பாத்தியா கண்ணு?"

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோழியின் கண்ணீர் நினைவுக்கு வந்தது, உண்மை. ஆனால் அதைவிட, இத்தனை பெரியவர்கள் தேடுவது எனக்கு மட்டும் தெரியும் என்ற பெருமை தொண்டைவரை வந்து நின்றது.

"மெஷின்ல, கீழ் டிராயர்ல, பாப்பா சட்ட காயிதத்துக்குள்ள கீது மாமா."

நைனா என் தலையைத் தடவினார். அம்மா, "என் பொண்ணு கண்ணுக்கு எதுவும் தப்பாது," என்றாள். பெரிய மாமா எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர் சீட்டை எடுத்து விரித்தபோது டச்சம்மா அடுப்பங்கரை வாசலில் கையில் கரண்டியோடு நின்றார். பெரிய மாமா கத்தினார். "தொலைஞ்சி போச்சின்னு சிலுவ மேல கை வெச்சி சொன்னியேம்மா! பெத்த புள்ளைக்கே துரோகம் பண்ணுவியா?" அவர் மனைவி அழுதார். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். டச்சம்மாவின் பார்வை ஒரே ஒரு முறை என்மேல் பட்டு விலகியது. நான் தோழியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

இந்தக் கூச்சலில் யாரும் கவனிக்காத ஒன்று இருந்தது. பூசைக்கு அழைத்துப் போனதால் அன்று சின்ன மாமாவைக் கட்டவில்லை. கேட் திறந்து கிடந்தது.

"சின்னவன் எங்க?" என்று டச்சம்மா கேட்ட குரல் இப்போதும் கேட்கிறது. மெல்லத்தான் கேட்டார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார், செருப்புகூடப் போடாமல். நாங்கள் எல்லாரும் பின்னால்.

ஏரி கலங்கலில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமா அவர்களைத் தாண்டி உள்ளே மார்பளவுத் தண்ணீரில் நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீர்மேல் பரப்பிவைத்து, யாருடைய தலையையோ தடவிக்கொடுக்கிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இன்னும் இரண்டடி வைத்தால் பள்ளம் என்று ஒரு மீன்காரர் கத்தினார். அந்தச் சத்தத்துக்கு அவர் மிரண்டு ஒரு அடி உள்ளே போனார்.

"யாரும் கத்தாதீங்க," என்றார் டச்சம்மா. கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மெஷினில் எண்ணுகிற அதே குரலில், அதே நிதானத்தில், "ஏன்... த்வே... த்ரீ..." என்று ஆரம்பித்தார். சின்ன மாமா திரும்பிப் பார்த்தார். எண்ணிக்கை போகப்போக அவரும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். பதினேழோ பதினெட்டோ எண்ணியிருப்பார். அதற்குள் பெரிய மாமா அந்தப் பக்கமாக நீந்திப்போய்த் தம்பியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டார்.

கரைக்கு வந்ததும் பெரிய மாமா சேற்றிலேயே உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டைப்பையில் இருந்த சீட்டும் நனைந்து போயிருந்தது. டச்சம்மா சின்ன மாமாவின் தலையைக் கவுன் நுனியால் துவட்டிக்கொண்டே பேசினார்.

"நீ போடா. உன் பொண்டாட்டி புள்ளைய இட்டுகினு போ. நான் வரல. இவனும் எந்த ஹோமுக்கும் வரமாட்டான்."

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ போய்டுவ. அதான் சொல்லல." துவட்டுகிற கை நின்றது. "ரெண்டு பேரும் வோணும்னு இருந்துச்சு எனக்கு. பேராச."

பெரிய மாமா ஈரச் சீட்டை எடுத்து, வெயில் லேசாக அடித்த ஒரு கல்லின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்தார். மூன்று பேரும் அது காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் தெருவில் கதை வேறாக இருந்தது. வீட்டை விற்க மனசில்லாமல் கிழவி சீட்டை ஒளித்துவைத்தாள், பெற்ற பிள்ளை ஏரிக்கரையில் அழுதான், கிறுக்குப் பிள்ளை அந்த வேதனையில் தண்ணீரில் விழுந்தான். என் அம்மா குழாயடியில் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் குடத்தோடு நின்றேன். கரையில் கேட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு முறை வாயைத் திறந்ததற்கே இவ்வளவு நடந்துவிட்டதே என்ற பயம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி டச்சம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லாம் செருப்பை அவர் வீட்டு வாசலில் வரிசையாக விட வேண்டும். காலையில் போனால் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கடலைமிட்டாய் இருக்கும். ஒரு புனிதர் குதிரையில் வந்து வைத்துவிட்டுப் போவாராம். அந்த வருஷமும் விட்டோம். காலையில் எல்லார் செருப்பிலும் மிட்டாய் இருந்தது. என் செருப்பில் இல்லை. "காக்கா தூக்கினு போயிருக்கும்," என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிப்ரவரியில் அவர்கள் போனார்கள். தோழி தன் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டை என்னிடம் கொடுத்தாள். அங்கே பனிதான் பெய்யும், மழை பெய்யாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் தோள்பட்டை கிழியும்வரை போட்டேன். அப்புறம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. கார் தெருமுனை திரும்பியதும் டச்சம்மா உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னிடம், "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாத்தியா, கல்லு நெஞ்சு," என்றாள். நான் வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் நூலும் இல்லை, அடியில் துணியும் இல்லை. சும்மா மிதித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அதே வீட்டில் இருந்தார். நான் படித்து, டெலிபோன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகித் திருநின்றவூருக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில் பிடித்து அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அங்கேயும் எட்டிப்பார்ப்பேன். சின்ன மாமாவுக்குத் தலை நரைத்தது, பல் விழுந்தது. டச்சம்மா அவரைக் குளிப்பாட்டி, சவரம் பண்ணிவிட்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் குழைய மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்து வயதுக்காரர் அறுபது வயதுக்காரருக்கு ஊட்டுவதைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு கடிதம் ஹாலந்திலிருந்து வரும். பிறகு போன். பெரிய மாமா மூன்று முறை வந்துவிட்டுப் போனார். அம்மாவும் பிள்ளையும் முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசிச் சிரிப்பதைப் பார்த்தேன். பழைய சண்டையின் அடையாளமே தெரியாது.

டச்சம்மாவுக்குத் தொண்ணூற்று நாலு நடக்கும்போது சின்ன மாமா ஒருநாள் மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆள் வைத்துக் குளிப்பாட்டலாம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. தானே குளிப்பாட்டினார். அடக்கத்துக்கு வந்த பெரிய மாமாவுக்கே எழுபதுக்குமேல், காதில் மெஷின். "இப்ப வாம்மா," என்றார். எல்லாரும் மறுப்பார் என்றுதான் நினைத்தோம். "செரி, வரேன். தங்கச்சிய பாத்துட்டு வரேன்," என்றார் டச்சம்மா.

பெட்டி அடுக்க நான் போயிருந்தேன். எனக்கும் ஐம்பது ஆகிவிட்டிருந்தது. இனிமேல் எப்போது சொல்வது என்று சொல்லியேவிட்டேன்.

"அந்த சீட்டு கீற எடத்த நான்தான் சொன்னேன் டச்சம்மா."

"தெரியும்டி. உன்ன உட்டா யாரு பாத்தா அத்த?"

"என்மேல கோவமே இல்லியா?"

"ஏன் இல்ல? உன் செருப்புல முட்டாயி வெக்காம உட்டேனே. ரெண்டு வருசம் உனக்கு பொங்கலுக்கு ஃப்ராக் தெச்சித் தரல. இடுப்பு வலின்னு உங்கம்மாகிட்ட பொய் சொன்னேன்."

நான் சிரித்துவிட்டேன். கண்ணிலும் நீர் வந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சொல்லியிருக்க மாட்டேனே."

ஒரு கவுனை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது எப்டி சொல்ல முடியும்? நான் பொய் சொல்லலாம். பத்து வயசு புள்ளைய சொல்ல வெக்கலாமா?" பிறகு கவுனைப் பெட்டிக்குள் வைத்து அமுக்கினார். "நீ சொன்னதும் நல்லதுக்குத்தான். இல்லாங்காட்டி பெரியவன் என் மூஞ்சிய பாத்து பாத்து மொறைச்சுகினே இங்க கெழவன் ஆயிருப்பான்."

இரண்டு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. மூன்றாவது மாதம், "பாத்தியா, கடசீல வெள்ளக்காரி வெள்ளக்காரங்களோட போய் சேந்துட்டா," என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. அன்று சாயங்காலமே என் தோழி வீடியோவில் கூப்பிட்டாள். பத்து வயசில் போனவளுக்குத் தமிழ் அநேகமாக மறந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான் பேசுவோம்.

அவள் சொன்னது இது. அவளுடைய சின்னப் பாட்டி, அதாவது டச்சம்மாவின் தங்கை, மூன்று வருஷமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது. டச்சு மறந்துவிட்டது. ஏதோ புரியாத சத்தங்கள் மட்டும் எழுப்புகிறார். சாப்பிட வைக்க முடியவில்லை, கையைத் தட்டிவிடுகிறார். மூளை கலங்கிப் பிதற்றுவதாகத்தான் டாக்டரும் நர்ஸ்களும் எழுதி வைத்திருந்தார்கள். பெரிய மாமா வாராவாரம் போய்ப் பார்ப்பாராம், ஆனால் அந்த முணுமுணுப்பு அவர் காது மெஷினுக்கு எட்டவில்லை. டச்சம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம். அந்த இல்லத்திலேயே தனக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்கிவிட்டார்.

"அவங்க இப்ப என்ன பேசுறாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா? நர்ஸ் தெரிஞ்சுக்கணும்ங்கறாங்க," என்று போனைத் திருப்பினாள்.

பெரிய ஜன்னல். வெளியே சாம்பல் வானம். பஞ்சுத் தலையோடு இரண்டு கிழவிகள். டச்சம்மா கையில் கிண்ணம், ஸ்பூன்.

"நீதான் துன்ன. மூணு கொய்யாக்காயும் நீயே துன்னுட்ட," என்றார் தங்கை.

"யாரு, நானா? ரெண்டு நீ துன்ன. பொய் சொல்லாத. வாய தொற."

"நைனா வந்தா சொல்லிடுவேன்."

"சொல்லு. மொதல்ல வாய தொற."

தங்கை வாயைத் திறந்தார். நர்ஸ் பின்னால் நின்று கைதட்டினாள்.

நான் தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பக்கத்தில் என் அம்மா போனுக்குள்ளேயே முகத்தை விட்டுவிடுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்ய, அதுவும் நம்ம மாரியே பேசுதே!" என்றவள், திடீரென்று சத்தமாக, "டச்சம்மா! துன்னியா?" என்று கேட்டாள்.

டச்சம்மா ஸ்பூனோடு சுற்றுமுற்றும் பார்த்தார். போனைக் கண்டுபிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "இன்னும் நீ கீறியா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் வரலடி. இவள யாரு பாத்துப்பா? மூணு வருசமா இவ பசிக்குதுன்னு சொல்லிகினு கீறா, ஒருத்தருக்கும் புரியல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னவன்தான் அங்க தனியா கீறான்."

"நான் பாத்துக்கறேன் டச்சம்மா," என்றேன்.

அம்மா அதற்கப்புறம் யாரிடமும் டச்சம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்குமேல் அந்தச் சகோதரிகள் ஒரே அறையில் இருந்தார்கள். தங்கை போன பதினேழாம் நாள் டச்சம்மா போனார். தொண்ணூற்று ஏழு வயசு. பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பதாகத் தோழி படம் அனுப்பினாள்.

சின்ன மாமா இங்கே இருக்கிறார். கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் நான் போகிறேன். நவம்பர் மாதம், எப்போதும் மழையில்தான் வரும். புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவேன். போன வருஷம் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. நம்மில் பாதிப் பேர் அம்பத்தூர், ஆவடிப் பக்கம்தான் இருக்கிறோம். இந்த வருஷம் யாராவது இரண்டு பேர் என்னோடு வாருங்கள். பிரஷ்ஷும் சுண்ணாம்பும் நான் கொண்டுவருகிறேன். குடையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.